அவசரத்துக்கு வைத்த பணம்

வாஷிங் மெஷின் நின்றுபோய் இருபது நாளாயிற்று. அவள் கையால் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பேங்க்ல பணம் சும்மா கிடக்கு. எடுத்து ஒரு மெஷின் வாங்கினா குறைஞ்சா போயிடுவே?" என்றான் கணவன்.

"அது அவசரத்துக்கு வெச்ச பணம்."

"இது அவசரம் இல்லையா?"

"இது அழுக்கு."

ஞாயிற்றுக்கிழமையென்று வந்திருந்த அவன் தங்கை சிரித்தாள். போன மாதம் சுற்றுலா போகக் கைமாற்று கேட்டு, கிடைக்காத கோபம் அவளுக்கு.

"விடுண்ணா. அண்ணிகிட்ட காசு வாங்கறதும் கல்லுல நார் உரிக்கிறதும் ஒண்ணு."

"ஊர் சுத்தக் கேட்டா கல்லுதான்," என்றாள் அவள், சட்டையைப் பிழிந்தபடி.

கல்யாணமான முதல் மாதத்திலிருந்து இதே கூத்து. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கு தனிக் கணக்குக்குப் போய்விடும். மீதியில்தான் வாடகை, பால், பிள்ளையின் பள்ளிக்கூடம். சம்பளம் கூடினால் கூடினதும் அங்கேதான் போகும். பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஒரே ஒரு தடவை எடுத்தாள். ஆறு மாதத்தில் அதையும் திருப்பிப் போட்டாள்.

பாக்டரியில் அவன் அவளுக்கு வைத்த பெயர் 'பூட்டு'. யாராவது டீக்குக் கூப்பிட்டால், "பூட்டைக் கேட்டுட்டு வரேன்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன் முகம் செத்திருந்தது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் போட்டான்.

"என்ன இது?"

"நெட்டை விஷயம்."

நெட்டை, அவன் ஷிப்டில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். போன வாரம் மூன்று விரல் போயிற்று. கை உள்ளே போகாமல் தடுக்க அந்த மெஷினுக்கு ஒரு கம்பி வலை உண்டு. வலை இருந்தால் வேலை ஓடாது என்று கழற்றச் சொன்னவர் மேனேஜர். அதைக் காதால் கேட்டவன் இவன். ஷிப்டு சூப்பர்வைசர்.

"வலையை அவனே கழட்டினான்னு எழுதியிருக்கு. நான் சாட்சி. காலையில கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்."

"போட்டா?"

"அவனுக்கு நஷ்ட ஈடு கிடையாது."

"போடலைன்னா?"

"எனக்கு வேலை கிடையாது."

அவள் குனிந்து காகிதத்தைப் படித்தாள். அவனே பேசினான்.

"எல்லாம் யோசிச்சுட்டேன். நமக்கும் பிள்ளை இருக்கு. நெட்டைக்கு நான் தனியா ஏதாவது கொடுத்துடறேன்."

"என்ன கொடுப்பீங்க? மூணு விரலா?"

"வாய்க்கு வந்ததைப் பேசாதே. அடுத்த மாசம் வாடகை யார் கொடுப்பா? நீயா?"

"நான்தான்."

உள்ளே போனாள். பேங்க் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தாள்.

"ஏழு மாசம் தாங்கும். இழுத்துப் பிடிச்சா எட்டு. அதுக்குள்ள வேற வேலை பாருங்க. கிடைக்கலைன்னா நானும் வேலைக்குப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு யாருக்காவது உடம்புக்கு வந்தா?"

"வந்தா அப்பப் பார்த்துக்கலாம். இன்னிக்கு வந்திருக்கிறது இது."

"கொஞ்சம் பொறு. காலையில நேர்ல போய்..."

"இப்பவே போன் பண்ணுங்க. காலை வரைக்கும் வெச்சா உங்க தைரியம் ஊசிப்போயிடும்."

முறைத்தான். அவள் அசையவில்லை. போனை எடுத்தான்.

"சார், அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்தப் பக்கம் கத்தியது இவள் காதுவரைக்கும் கேட்டது.

"தெரியும் சார். வேலை போகும்னு தெரியும். வலையைக் கழட்டச் சொன்னது நீங்க. அதை எழுதி நெட்டைகிட்ட கொடுக்கப்போறேன். கையெழுத்துதானே வேணும்? அதுல போடறேன்."

அவர் பேசி முடிக்குமுன் வைத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. முதுகு நிமிர்ந்திருந்தது.

காகிதத்தைக் கிழிக்கப் போனான்.

"கிழிக்காதீங்க. நெட்டைக்கு உதவும்," என்று வாங்கி மடித்து வைத்தாள்.

அவன் அவளையே பார்த்தான்.

"உடம்புக்குன்னு எல்லாரும் சேர்ப்பாங்க. வீட்டுக்குன்னு சேர்ப்பாங்க. நீ இதுக்கா சேர்த்தே? இப்படி ஒரு நாள் வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி தையல் கம்பெனியில இருந்தேன் இல்லையா? பக்கத்து மெஷின்ல ஒரு அக்கா. எனக்குத் தையல் கத்துக் கொடுத்தவ. ஓவர்டைம் காசைக் கேட்டா. அதுக்காக, துணி திருடினதா எழுதி எங்கிட்ட நீட்டினாங்க. அவ திருடலைன்னு எனக்குத் தெரியும்."

"நீ என்ன பண்ணினே?"

"அன்னிக்கு என் கையில பஸ்ஸுக்குக்கூடக் காசில்லைங்க," என்றாள். "கையெழுத்துப் போட்டேன்."