வலப்பக்கத்துப் பேரிங்

ஒரு விறகுக்கடையில் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. வட்ட ரம்பம் சுழலும் தண்டுக்கு இரு பக்கமும் இரண்டு பேரிங்குகள். இடப்பக்கத்தவள் கொஞ்சம் உலர்ந்தாலே கிறீச்சிடுவாள். கடைக்கார ஞானப்பழம், "வந்துட்டேன் தாயே, ஊரைக் கூட்டாதே" என்று முணுமுணுத்தபடி அவளுக்குக் கிரீஸ் அடிப்பார். பிறகு வலப்பக்கத்தவளைத் தட்டிக்கொடுத்து, "இவ வாயில்லாப் பூச்சி, தங்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவள் எத்தனையோ மாதம் சுழன்றாள்.

மழைக்கு முன்னால் கடையில் மரம் குவிந்தது. புளியும் வேலமும் அறுத்து அறுத்து, வலப்பக்கத்தவளின் உள்ளே குண்டுகள் வறண்டு உரசின.

"ஏண்டி, உன் சூடு தண்டு வழியா எனக்கே வருது. வாயைத் திறந்து கேளேன்" என்றாள் இடப்பக்கத்தவள்.

"என்னைப் பத்தி அவர் என்ன நினைப்பார்?"

"இறுகிப்போனா கழற்றி எறிவார். பழைய இரும்புக்காரன் உன்னைத் தங்க விலைக்கா எடுக்கப்போறான்?"

அடுத்த கட்டை ரம்பத்தில் ஏறியபோது, வலப்பக்கத்தவளிடமிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்துவிட்டது.

ஞானப்பழம் மெஷினை நிறுத்தினார். தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று சலித்துக்கொண்டே கிரீஸ் அடித்தார். தட்டிக்கொடுக்காமல் போனார்.

குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும்" என்றாள் இடப்பக்கத்தவள். "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேள்."