கார்பெட் மிதிச்ச செருப்பு

தங்கபுஷ்பத்தோட வலது செருப்புக்கு ஒரே ஒரு ஆசை. மக சீக்காகி ஆஸ்பத்திரியில படுத்ததுலேருந்து வாராவாரம் அழுதுக்கிட்டே வேதக் கோயிலுக்குப் போறாளே, உள்ள அவ எப்படித்தான் ஜெபம் பண்றான்னு ஒருதடவை பாத்துடணும். வழக்கமாப் போற அந்தக் கோயில்ல அது நடக்காது. வாசல்லயே கழட்டி விட்டுருவா.

இந்த ஞாயித்துக்கிழமை புதுச் சபையிலேருந்து வேன் அனுப்பிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. வாசல்ல டை கட்டின தம்பி, "செருப்போடயே வாங்கக்கா, உள்ள கார்பெட்தான்"னு கும்பிட்டான்.

"நம்மளையா கும்பிட்டான்?"னுச்சு இடது செருப்பு.

"வாயை மூடிக்கிட்டு வாலே. வெரட்டிரப் போறாங்க."

உள்ள ஏசி. மெத்தை வச்ச நாற்காலி. முடிஞ்சதும் பிரியாணின்னு மைக்குல வேற சொன்னாங்க. "இங்கயே கெடந்துரலாம்லே"ன்னு இடது சொக்கிப் போச்சு.

ஜெப நேரம் வந்துச்சு. தங்கபுஷ்பம் முட்டி போடப் பாத்தா, நாற்காலிக்கு நடுவுல எடமில்ல. "உக்காந்தே ஜெபிங்கக்கா, எதுக்கு முட்டியை நோவடிக்கிறீங்க"ன்னு பக்கத்துல இருந்தவ அன்பாத்தான் சொன்னா. தங்கபுஷ்பமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காந்து பாத்தா. முடியல. எந்திரிச்சு வெளிய வந்து, கார் நிக்கிற எடத்துல செருப்பைக் கழட்டிட்டு, கொதிக்கிற சிமெண்டுல முட்டி போட்டு, மக பேரைச் சொல்லிச் சொல்லி அழுதா.

"போச்சு. ஏசியும் போச்சு, பிரியாணியும் போச்சு"ன்னு பொலம்புச்சு இடது.

"சத்தம் காட்டாதலே"ன்னுச்சு வலது. "ஆராதனை நடக்குது."