தூளுக்குள் ஓர் அந்து

"ஐயா, இது எங்கடை ஊர்ப் பூச்சியோ, இல்லாட்டி இந்தப் பாரிஸ் பூச்சியோ? நீங்கள் சொன்னால்தான் இவள் நம்புவாள்."

கரிகாலன் ஜாம் போத்தலை மேசைமேல் வைத்தான். உள்ளே பொடியாய், பழுப்பாய் ஓர் அந்துப்பூச்சி. அவன் மனைவி பூரணி கதவோடு ஒட்டி நின்றாள்.

ரேமண்ட் ஐயா புதுச்சேரிக்காரர். பாரிஸின் லா சப்பல் பகுதியில், அவர்கள் இருந்த அதே கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் அவருக்கு ஒரே பைத்தியம், எந்த அந்து எந்த நாட்டில் இருக்கிறது என்று ஆராய்வது. யாராவது பூச்சி கொண்டுவந்தால் சோற்றைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு வருவார்.

"எங்க புடிச்சீங்க?"

"அம்மா ஊரிலையிருந்து அனுப்பின தூளுக்கை ஐயா. மாதாமாதம் கறித்தூள் இடிச்சு அனுப்புறவ. ஊர்ப் பூச்சி எண்டால் இனி அனுப்பவேண்டாமெண்டு சொல்லோணும். இஞ்சை பரவிச்செண்டால் பிழையெல்லே?"

"ஒரு பூச்சிக்காக ஆரும் மாமீன்ரை தூளை வேண்டாமெண்டு சொல்லுவினமோ? அரிச்சால் போச்சு," என்றாள் பூரணி.

ரேமண்ட் பூதக்கண்ணாடியை எடுத்தார். வெண்கலப் பழுப்பில் சிறகு, அதில் கரும்புள்ளிகள். சந்தேகமே இல்லை. குளிரும் ஈரமும் உள்ள வீடுகளில் வளர்கிற ஜாதி. யாழ்ப்பாணத்து வெயில் அதற்கு ஆகவே ஆகாது.

"அலோர், இது வந்து..." என்று பிரெஞ்சில் தொடங்கி நிமிர்ந்தவர் பூரணியைப் பார்த்தார். கணவனின் முதுகுக்குப் பின்னால் அவள் கைகூப்பி நின்றாள். வேண்டாம், வேண்டாம் என்று தலை ஆடியது. கண்களில் தண்ணீர்.

ஐயோ, இங்கத்துப் பூச்சி என்றால் தூளும் இங்கத்துத் தூள்தானா? கிழவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"உங்க ஊர்ப் பூச்சிதாங்க. இங்கெல்லாம் கிடையாது," என்றார். பூச்சி விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

"பாத்தியே, நான் சொன்னனானெல்லே! இண்டைக்கே ஊரிலை இருக்கிற தம்பிக்குச் சொல்லுறன், இனி பார்சல் வேண்டாமெண்டு." மருந்துக்கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கரிகாலன் படியிறங்கினான்.

அவன் போனதும் பூரணி உடைந்து அழுதாள்.

"மாமி மாசியிலையே செத்துப் போயிட்டா ஐயா. அப்பதான் இவருக்கு இருதய ஒப்பரேசன் முடிஞ்சது. அதிர்ச்சியான செய்தி ஒண்டும் சொல்லவேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர். மூத்த பிள்ளை, கொள்ளி வைக்க ஓடியிருப்பார். மாமிக்குக் காது கேளாது, போனிலை கதைக்கிறேல்லை. அதாலை தம்பியாரும் நானுமாய் மறைச்சிட்டம். பிறகு சொல்ல வாய் வரேல்லை. இவர் வேலைக்குப் போன நேரம் பாத்து நானே மிளகாய் வறுத்து அரைச்சு, ஊர்ப் பார்சல் எண்டு குடுக்கிறன்."

"அழாதம்மா. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

"தூள் வந்த மட்டும் அவருக்கு அம்மா உயிரோடை இருந்தா ஐயா. இனி அதுவும் இல்லை." முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு தட்டப்பட்டது. கரிகாலன்தான். கையில் மருந்துப் பை எதுவும் இல்லை.

"அவள் உங்களிட்டைச் சொல்லியிருப்பாள், என்ன?"

ரேமண்ட் அவனுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"அம்மா போனது, ஆஸ்பத்திரியாலை வந்து வெளியிலை நடக்கத் தொடங்கின உடனையே எனக்குத் தெரியும் ஐயா. கார் து நோர் ரெயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை ஒரு கடைக் கண்ணாடியிலை கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. றோட்டிலை நிண்டு அம்மான்ரை படத்தைப் பாத்தனான்."

"பிறகு ஏங்க இந்தப் பூச்சி, இந்தக் கேள்வி எல்லாம்?"

"அவளுக்கு முட்டு வருத்தம் ஐயா. மணம் வெளியிலை போகக்கூடாதெண்டு சன்னலெல்லாம் பூட்டிப்போட்டு மிளகாய் வறுக்கிறாள். போன கிழமை மூச்சுவிடேலாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினனான். எனக்குத் தெரியுமெண்டு சொன்னால், கொள்ளி வைக்க விடாமல் மறிச்சிட்டனே எண்டு அழுதே செத்துப்போவாள். அதுதான் ஐயா, பார்சல் நிண்டால் வறுக்கிறதும் நிக்குமெண்டு, எங்கடை றெஸ்ரோறனுக்கு ஊரிலையிருந்து வந்த அரிசி மூட்டைக்கை இந்தப் பூச்சியைப் பிடிச்சு, நானே தூளுக்கை விட்டனான்."