பின்சீட்டைக் காட்டும் கண்ணாடி

அப்பா இறந்துபோன பிறகு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை நான் பிரித்து வேலை பார்த்தபோது, அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"காயலாங்கடைல போட வேண்டிய வண்டிக்கு எதுக்குடி இவ்வளவு பாடு?" என்பாள்.

கார்புரேட்டரைக் கழுவினேன். டேங்கில் படிந்த துருவை எடுத்தேன். எல்லாம் வழிக்கு வந்தது. ஹேண்டில்பாரில் புதிதாக மாட்டிய கண்ணாடி மட்டும் முரண்டு பிடித்தது. சாலை தெரிகிற மாதிரி வைத்து நட்டை இறுக்கிவிட்டுப் போவேன். காலையில் வந்தால் உள்பக்கமாகத் திரும்பிப் பின்சீட்டைக் காட்டும். நட்டு இறுக்கமாகவே இருக்கும். கொட்டகைச் சாவி என்னிடம்தான்.

வண்டி ஓடத் தொடங்கிய அன்று, "ஒரே ஒரு ரவுண்டும்மா" என்று கெஞ்சி அம்மாவைப் பின்னால் ஏற்றினேன். தெருமுனையைத் தாண்டியதும் கண்ணாடி மெல்ல நகர்ந்தது. அதில் சாலை போய் அம்மாவின் முகம் வந்தது. கையை நீட்டித் திருப்பி வைத்தேன். மறுபடியும் அவள் முகமே வந்தது.

அம்மா அதைப் பார்த்துக் கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள். வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

"விடுடி, அவர் எப்பவும் சொன்னா கேக்க மாட்டார்" என்றாள். "நீயாவது ரோட்டைப் பாத்து ஓட்டு."