பத்தாம் நம்பரின் வயசு

“அந்தப் பத்தாம் நம்பர வெளிய அனுப்பு சார்! அவனுக்குப் பதினாறு வயசு கெடையாது. பத்தொம்பது!”

கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டாள் அந்த அம்மா. தேசிய இளையோர் கால்பந்து லீக், பதினேழு வயசுக்கு உட்பட்டவர்கள் ஆட்டம்; செங்கல்பட்டும் புதுச்சேரியும் மோதின. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மாமல்லபுரத்துக் கடல் காற்றையும் மீறிக் கேட்டது அவள் குரல்.

இத்தனைக்கும் அதுவரை புதுச்சேரிக்காரர்கள் நடுவில் வாயே திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள். “செங்கல்பட்டு அணிக்கு முதல் கோல்! அடித்தவர் பத்தாம் நம்பர், ஜோஷ்வா!” என்று மைக் அலறியதும்தான் பிடித்துக்கொண்டது சனியன்.

செங்கல்பட்டு கோச் ஜெபசிங் பாய்ந்து வந்தார். “யாரும்மா நீ? உன் புள்ள டீம் தோக்குதுன்னா வயித்தெரிச்சல இங்க வந்து கொட்டுவியா? நாளைக்கு சீனியர் டீம் கேம்ப்புக்குப் போற பையன்மா அவன்!”

“போவக் கூடாது. இந்தப் பேர வெச்சிகினு அவன் எங்கியும் போவக் கூடாது!”

புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரே கொண்டாட்டம். “அப்படிக் கேளுக்கா! அவன் கால ஒடச்சி அனுப்புங்கடா!” என்று ஒருத்தர் எழுந்து நின்று கத்தினார்.

“யோவ், மூடுய்யா வாய!” பரிந்து பேசியவருக்கும் அவளிடம் அதே பூசைதான்.

ஆட்டப் பொறுப்பாளர் பட்டாபிராமன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “இதோ பாருங்கம்மா. வயசு பொய்னு ஆச்சுன்னா ரெண்டு வருஷம் அவன் எங்கேயும் ஆட முடியாது. ஒரு பையனோட வாழ்க்கை இது. வாய்க்கு வந்ததைப் பேசிட்டுப் போயிட முடியாது.”

“தெரிஞ்சிதான் சார் சொல்றேன்.”

பத்தாம் நம்பர் பையன் நடு வட்டத்திலேயே தலையைக் குனிந்து நின்றான். கூட ஆடுகிறவர்கள் கூப்பிட்டும் கிட்டே வரவில்லை.

“பாருங்க சார், புள்ள எப்டி பயந்து போய்ட்டான்!” ஜெபசிங்குக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “கருங்குழிலருந்து அவங்கப்பாவே நேர்ல கூட்டியாந்து சேத்த பையன். பர்த் சர்டிபிகேட் பக்காவா கீது. ஜோஷ்வாவப் பத்தி இந்தம்மாவுக்கு இன்னா தெரியும்? சந்தேகம்னா அவன் அம்மாவ வரவழைச்சிக் கேளுங்க!”

“அதுவும் சரிதான்,” என்றார் பட்டாபிராமன். “அவன் அம்மாவை வரச் சொல்லுங்க.”

அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தவளின் குரல் அப்போதுதான் உடைந்தது.

“நான்தான் சார் ஜோஷ்வாவோட அம்மா. அங்க நிக்கறது அவன் அண்ணன். ஜோஷ்வாவப் பொதைச்சி ரெண்டு வருஷம் ஆவுது.”