நீல ஸ்கூட்டர்

"கேமராவைக் கட்டிலுக்கு அடியில காட்டு."

ஜுமைலா குனிந்து காட்டினாள். பழைய பெட்டி ஒன்றும் துடைப்பமும் இருந்தன. அஷ்கருக்கு நிம்மதி வரவில்லை. துடைப்பத்துக்குப் பின்னாலும் ஒருத்தன் ஒளியலாம் என்று நினைக்கிற மனசு அவனுடையது.

"நாலு மணிக்கு வாசல்ல யாரு?"

"எந்த வாசல்ல இக்கா?"

"நடிக்காத. நீல ஸ்கூட்டர். மூஞ்சி தெரியக் கூடாதுன்னு ஹெல்மெட்டைக்கூட அவன் கழட்டல. நீ சிரிச்சுக்கிட்டே டிபன் கேரியரைக் குடுத்த."

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"சார்ஜாவுல இருக்கிறவன் குருடன்னு நினைச்சியா? சொல்ல ஆளிருக்கு."

அவள் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கேரியரைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கல்யாணமான நாலாம் மாதம் கப்பல் கம்பெனி வேலைக்குப் போனவன். இரண்டு வருஷமாக மெஸ் சோறு. அவள் கைச் சமையலை எவனோ ஒருத்தன் தினமும் தின்கிறான். பக்கத்தில் ஹோட்டல் பத்திரி ரொட்டி பாதி தின்ற நிலையில் கிடந்தது. ருசியாகத்தான் இருந்தது, தொண்டையில் இறங்கவில்லை.

நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. உள்ளங்கை வியர்த்தது. இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றியது. இந்த வாரத்தில் இது ஐந்தாவது தடவை.

"மறுபடியும் வந்துருச்சா? மெதுவா மூச்சை விடுங்க. இன்னும் மெதுவா." அவன் அடங்கும்வரை காத்திருந்து ஜுமைலா சொன்னாள். "மனசு டாக்டரைப் பார்த்துருங்க இக்கா."

"நான் பைத்தியமா?"

"சுகருக்கு உங்க வாப்பா மாத்திரை போடறாரு. அவரை யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"கம்பெனிக்குத் தெரிஞ்சா விசாவை ரத்து பண்ணிருவான். அப்புறம் ஊருக்கு வந்து உன் ஸ்கூட்டர்காரனுக்குப் பெட்ரோல் ஊத்தவா?"

அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். பார்க்க மாட்டேன்னா சொல்லிருங்க, நான் எங்க உம்மா வீட்டுக்குப் போயிடறேன். கட்டிலுக்கு அடியில காட்டிக்காட்டியே என் முதுகு போச்சு."

அஷ்கர் கணக்குப் போட்டான். அவள் போய்விட்டால் சந்தேகப்படக்கூட ஆளிருக்காது.

"அவன் யாருன்னு சொல்லு. டாக்டரைப் பார்க்கறேன்."

"அல்லாஹ் மேல சத்தியமா?"

"சத்தியமா."

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அஷ்கர் அவசரமாகப் போனைப் பொத்தினான்.

"பொத்தாதீங்க இக்கா. பதினோரு நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இது நம்ம பள்ளியில பாங்கு சொல்ற முக்ரி குரல். சார்ஜாவுல மஃரிப் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு."

அவன் கை போனிலேயே இருந்தது.

"சந்து முனை லாட்ஜ்ல, மாடி ரூம்லதானே இருக்கீங்க? திரையை விலக்குங்க."

விலக்கினான். கீழே தன் வீட்டு வாசலில், போனும் கையுமாக ஜுமைலா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சே ஏன் சொல்லல?" என்றான்.

"சொன்னா வேற லாட்ஜுக்கு ஓடிருவீங்க. அங்க உங்களுக்கு யாரு சோறு குடுப்பா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்கூட்டர்காரரு லாட்ஜ் மேனேஜர் ஹம்சா இக்கா. உங்க பக்கத்துல இருக்கிற பத்திரி நான் சுட்டதுதான், ஆறிப்போனாலும் மிச்சத்தைச் சாப்பிடுங்க."