என்ஜின் சூடாகும் வரை

இனி இந்த வீட்டுக்கு வருவதில்லை என்ற முடிவோடு சுலோச்சனா பெட்டியைப் பின்சீட்டில் வைத்தாள். சாவியைத் திருப்பியதும் அப்பா கொடுத்த பழைய கார் இருமி அடங்கியது. காற்றைக் குறைத்துக் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும் சோக்கை இழுத்ததும் கம்பி அறுந்து குமிழ் கையோடு வந்தது. வாசலில் நின்றிருந்த கணவன் நடேசன் வந்து பானெட்டைத் திறந்தான். ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக்குக்குப் பதிலாகக் கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் மூடினான்.

“இப்ப ஸ்டார்ட் பண்ணு.”

“நெருப்பு கக்குனா கை வெந்துருமுங்க.”

“பண்ணு, சுலோ.”

என்ஜின் பிடித்துக்கொண்டது. அவன் விரல்களைச் சற்று விரித்துக் காற்று விட்டான்.

“கையை எடுங்க. நான் போகோணும்.”

“எடுத்தா நின்னுரும். இன்னும் சூடாகலை.”

என்ஜின் சூடாகி, சத்தம் எப்போதோ சீராகிவிட்டிருந்தது. அது அவளுக்கும் கேட்டது.

கியரில் கை வைத்தபடி, “இன்னும் எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டாள்.